விமானியின் ஓய்வு, பயணியின் உயிர்

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே வட்டமிட்ட அந்த விமானம், 140க்கும் மேற்பட்டோருடன் திருச்சியிலேயே பத்திரமாகத் தரையிறங்கியது. எறையூர், லெப்பைக்குடிக்காடு, செந்துறை என்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகிறவர்களுக்குத் திருச்சி விமான நிலையம்தான் வாசல். அன்று இரவு விமானிகளை நாடே பாராட்டியது. அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் அந்த நிதானம் பயிற்சியால் மட்டும் வருவதில்லை, போதுமான தூக்கமும் வேண்டும். ஒரு விமானி எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும், வேலை போனாலோ வயதானாலோ அவருக்கு என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அரசு விதிகளோடு நிர்வாகத்துக்கும் விமானிகளுக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தையிலும் முடிவாகின்றன. அந்தப் பேச்சுவார்த்தையைப் பணக்கார ஊழியர்களின் ஊதியத் தகராறு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது நம் உயிரைப் பற்றிய பேச்சும்கூட.

இதை நம் நாடு மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 2010 மே 22 அதிகாலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். முறையான உயரத்திலும் வேகத்திலும் இல்லாதபோதும் கேப்டன் தரையிறங்கும் முயற்சியைக் கைவிடவில்லை என்பதையே நேரடிக் காரணமாக விசாரணைக் குழு சொன்னது. துணைக் காரணங்களில் அது குறிப்பிட்ட ஒன்றை இன்று எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். விமானி அறை ஒலிப்பதிவின்படி, கேப்டன் பயணத்தின்போது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கியிருந்தார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மூளை தெளிய நேரம் எடுக்கும். அதிலும் அதிகாலை, உடல் தூக்கத்துக்கே ஏங்கும் நேரம். இதை ஒரு மனிதரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உடல் எல்லோருக்கும் ஒன்றுதான். இரவுப் பணியை அடுக்கி வைக்கும் எந்த அட்டவணையும் இந்த ஆபத்தை மறுபடி மறுபடி உண்டாக்கும்.

இதை மாற்றத்தான் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2024 ஜனவரியில் புதிய பணிநேர விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை என நீண்டது. இரவுப் பணியில் ஆறு தரையிறக்கங்கள் வரை இருந்த அனுமதி இரண்டாகச் சுருங்கியது. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வரவேண்டிய இவ்விதிகளை நிறுவனங்கள் எதிர்த்தன, இயக்குநரகமும் தள்ளிவைத்தது. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கின் பிறகே 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டங்களாக அவை நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் கட்டம் வந்த ஒரு மாதத்தில், உள்நாட்டுப் பயணிகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் சுமக்கும் இண்டிகோ தடுமாறியது. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின, பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். உடனே இயக்குநரகம் இரவுப் பணி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் தேவையான விமானிகளைச் சேர்த்துத் திட்டமிடாதது நிர்வாகம். விட்டுக்கொடுக்க நேர்ந்ததோ விமானியின் தூக்கம்.

இந்த நிகழ்விலிருந்து ஒன்று தெளிவாகிறது. அரசு எழுதும் விதியை நெருக்கடி வந்தால் அரசே தளர்த்திவிடும். அதனால் விதிக்கு மேலே, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று வேண்டும். அதைத் தனி விமானி தனியாகப் பேசிப் பெற முடியாது. பயிற்சிக்காகப் பல லட்சம் கடன் வாங்கி வருகிறவர் அவர். பிடிக்காவிட்டால் வேறு நிறுவனம் போகலாமே என்பார்கள். ஆனால் 2017ஆம் ஆண்டு விதிப்படி கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் விலக முடியும். 'களைப்பாக இருக்கிறது, இன்று ஓட்ட மாட்டேன்' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அப்படிச் சொன்னவரைப் பதவி உயர்விலும் அட்டவணையிலும் பழிவாங்காமல் காக்க, பின்னால் ஒரு சங்கம் இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் உண்டு.

ஓய்வூதியத்தின் கதை இதைவிடக் கவலைக்குரியது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995இன்படி கணக்கில் கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அந்த வரம்பை வைத்துக் கணக்கிட்டால் மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வராது. 2014 செப்டம்பர் முதல் அந்த வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை. மிஞ்சுவது வைப்பு நிதியும் பணிக்கொடையும்தான். அவற்றுக்கும் எவ்வளவு உறுதி என்பதை ஜெட் ஏர்வேஸ் ஊழியர்கள் அறிவார்கள். 2019 ஏப்ரல் 17 அன்று அந்த நிறுவனம் நின்றபோது மாதக்கணக்கில் சம்பள பாக்கி இருந்தது. வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று ஏறினார்கள், சாதகமாக உத்தரவும் பெற்றார்கள். கடைசியில் 2024 நவம்பரில் நிறுவனத்தையே கலைத்து விற்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அமெரிக்காவில் 2002இல் திவாலான யுனைடெட் ஏர்லைன்ஸ் 2005இல் தன் ஓய்வூதியப் பொறுப்பை உதறியது. அங்கே அரசின் காப்பீட்டு நிறுவனம் அதன் ஒரு பகுதியையாவது ஏற்றது. இங்கே அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

இந்தத் துயரம் நம் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர், நடத்துநர்களுக்கு 1998இல் வந்த ஓய்வூதியம் 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இல்லாமல் போனது. 2024 ஜனவரி 9 அன்று பேருந்துத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது கோரிக்கைப் பட்டியலில் பழைய ஓய்வூதியமும், ஓய்வுபெற்றோரின் அகவிலைப்படி பாக்கியும், ஊதிய ஒப்பந்தப் பேச்சும் இருந்தன. எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவருக்கும் பேருந்துப் பணிமனைக்காரருக்கும் இவை அன்றாடச் சொற்கள். விமானி அறையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதும் இதையேதான்.

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை என்ற கேள்வி எழும். எளிய ஊழியர்களின் நிலையோடு ஒப்பிட்டுக் கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் விமானியின் வருமானம் மருத்துவச் சான்றிதழ் என்ற ஒற்றை நூலில் தொங்குகிறது. ஆண்டுதோறும், வயது கூடினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பரிசோதனையில் தேற வேண்டும். இதயத்திலோ கண்ணிலோ ஒரு குறை தெரிந்தால் நாற்பது வயதிலும் வேலை முடிந்துவிடும். எப்படி இருந்தாலும் 65 வயதுக்கு மேல் பயணிகள் விமானம் ஓட்ட முடியாது. இந்த நிச்சயமின்மை இருக்கும்போது, உடம்பு சரியில்லை என்பதை மறைத்துக்கொண்டு ஓட்டத்தான் மனம் தூண்டும். உரிமம் போனால் இழப்பீடு உண்டு, முதுமைக்கு வருமானம் உண்டு என்று எழுதிக் கொடுத்தால், நோயை ஒளிக்க வேண்டிய தேவை இல்லை. அந்த உறுதி பயணிக்கும் காவல்.

வேலைநிறுத்தம் செய்தால் தவிப்பது நாம்தானே என்ற கேள்வி இன்னும் கனமானது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணிப்பெண்களும் பணியாளர்களும் ஒரே நேரத்தில் மருத்துவ விடுப்பு எடுத்தபோது வளைகுடா விமானங்கள் பல ரத்தாயின. விசா முடியும் நாளோடு போட்டியிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஒரு நாள் தாமதம்கூட வேலையைப் பறித்துவிடும். இது உண்மையான துன்பம். அது எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் நிர்வாகம் 25 பேரை நீக்கியது, விமானங்கள் கிளம்பவில்லை. தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் உட்கார்ந்து பேசியதும் நீக்கம் ரத்தானது, ஊழியர்கள் திரும்பினார்கள். 2012இல் ஏர் இந்தியா விமானிகளின் 58 நாள் வேலைநிறுத்தத்தின்போது சங்கத்தின் அங்கீகாரத்தைப் பறித்து, நூறு பேர் அளவில் நீக்கினார்கள். போராட்டம் மேலும் நீண்டதுதான் பலன். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கி, பாதிப்பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எடுக்கும் தற்செயல் விடுப்பையும் வேலைநிறுத்தம் என்கிறது. தொழிலாளரைக் கட்டுப்படுத்தும் சட்டம், நிர்வாகத்தையும் உரிய காலத்தில் மேசைக்கு இழுக்க வேண்டும். அமெரிக்காவில் விமானிகள் எளிதில் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஆனால் அங்கே ஒப்பந்தம் முடிந்தாலும் புதியது வரும்வரை பழையது செல்லும், தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் பேச வைக்கும். அந்த ஏற்பாட்டில்தான் 2023இல் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 விழுக்காடு ஊதிய உயர்வு பெற்றார்கள்.

கட்டணம் ஏறும் என்ற அச்சமும் உண்டு. கூடுதல் விமானிகள் என்றால் கூடுதல் செலவு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2024-25இல் இண்டிகோவின் லாபம் 7,258 கோடி ரூபாய். ஓய்வுக்கான செலவு முழுவதும் பயணி தலையில்தான் விழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மீறி ஒரு பங்கு நம்மிடம் வந்தாலும், அது பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஓய்வு விதிகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் விலக்கு தரும் வழக்கம் நிற்க வேண்டும். விமானிகள் சங்கத்தை அங்கீகரித்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் பேசுவது கட்டாயமாக வேண்டும். வைப்பு நிதியும் பணிக்கொடையும் நிறுவனத்தின் கைக்கு எட்டாத தனி அறக்கட்டளையில் மாதாமாதம் சேர வேண்டும். உரிமம் இழப்பவருக்குக் காப்பீடு வேண்டும். இவற்றை விமானிகள் மட்டும் கேட்டால் சுயநலம் என்பார்கள். திருச்சியில் விமானம் ஏறும் நாமும் சேர்ந்து கேட்டால், அது பொதுநலக் கோரிக்கை ஆகும். கேட்கும் உரிமையும் காரணமும் நமக்கு உண்டு.