கோழி வாங்க முதல் கூடு கட்டுங்கள்

பத்துக் குஞ்சோடு வேலிக்கரையில் கிளறித் திரிந்த பேடு, மாதம் முடிய மூன்று குஞ்சோடு நிற்பதை வன்னியில் காணாதவர்கள் குறைவு. ஒன்றிரண்டைப் பருந்து தூக்கியிருக்கும். ஒன்றைக் கீரி இழுத்திருக்கும். இரண்டு மழையில் நனைந்து விறைத்திருக்கும். மிச்சத்தை "வருத்தம் வந்து செத்துப் போச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். இந்த ஏழு குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். அதற்குப் பெரிய பணம் வேண்டாம். எதற்கு முதலில் செலவழிப்பது என்ற ஒழுங்கு தெரிந்தால் போதும்.

2009இல் போர் முடிந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் மக்கள் மீளக் குடியேறியபோது, வாழ்வாதார உதவி என்று பல குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சுகள் கொடுக்கப்பட்டன. தலைமை தாங்கும் ஆண் இல்லாத வீடுகளில் தாய்மார் அவற்றை நம்பி வாங்கினார்கள். கூடு இல்லாத வளவுக்கு வந்த குஞ்சு அதிக நாள் நிற்காது. அன்றைக்கும் இன்றைக்கும் பாடம் ஒன்றுதான்: முதலில் கூடு, பிறகு தடுப்பு மருந்து, கடைசியில்தான் கோழி.

எந்தக் கோழி?

பண்ணைகளில் வளர்க்கும் கலப்பின முட்டைக்கோழி வருடத்துக்கு 280 முட்டைக்கு மேல் இடும். ஆனால் நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை சமநிலைத் தீன் தவறாமல் வேண்டும். அடையும் கிடக்காது, குஞ்சுக்குத் திரும்பவும் காசு கொடுக்க வேண்டும். ஊர்க்கோழி வருடத்துக்கு ஐம்பது, அறுபது முட்டைதான் இடும். ஆனால் தன் தீனில் பெரும்பங்கைத் தானே தேடும், தானே அடைகிடந்து குஞ்சு பொரிக்கும். முட்டையும் இறைச்சியும் சந்தையில் கூடிய விலைக்குப் போகும்.

கடையில் வாங்கும் தீனை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதை நாடே அனுபவித்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தீனுக்கு வேண்டிய சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டோடு தீன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2023இல் இலங்கை இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. கையில் காசு குறைவாக உள்ள குடும்பத்துக்கு ஊர்க்கோழியே பொருத்தம். ஒன்பது பேடும் ஒரு சேவலும் என்று பத்தோடு தொடங்கினால் போதும்.

பத்துக் கோழிக்கு ஒரு கூடு

பகலில் வளவில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் கோழிக்குத் தலைக்கு ஒரு சதுர அடி போதும். நான்கு அடி நீளமும் மூன்று அடி அகலமும் உள்ள கூடு பத்துக் கோழிக்குத் தாராளம். உள்ளே மூன்று அடி உயரம் இருக்கட்டும்.

கூட்டை நிலத்தில் வைக்காதீர்கள். இரண்டரை, மூன்று அடிக் கால்களில் தூக்கி வையுங்கள். 2018 டிசம்பரில் ஒரே இரவில் பெருவெள்ளம் வந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களை மூடியது நினைவிருக்கும். வெள்ளம் வராத வருடத்திலும் ஈரநிலம் கோழிக்குச் சளியையும் கழிச்சலையும் கொண்டு வரும். காலின் அடிப்பகுதிக்குக் கழிவு ஒயில் பூசினால் கரையான் அரிக்காது. நடுப்பகுதியில் ஓர் அடி அகலத்துக்குப் பழைய தகரத்தைச் சுற்றி ஆணி அடியுங்கள். எலி அதில் வழுக்கி விழும்.

தரைக்குப் பனஞ்சலாகை அல்லது கமுகஞ்சலாகை நல்லது. சலாகைகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி விடுங்கள். எச்சம் கீழே விழும், தரை காய்ந்திருக்கும், கூட்டுவது மிச்சம். விழுந்த எச்சத்தை இரண்டு மாதம் குவித்து மக்கவைத்தால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. பச்சையாகப் போட்டால் வேரைக் கருக்கிவிடும்.

கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். அப்படி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் ஒடுங்கிய பக்கங்களில்தான் விழும், உள்ளே கொதிக்காது. சுவரின் கீழ் ஓர் அடிக்குப் பலகையோ பனைமட்டையோ அடித்து, அதற்கு மேல் கம்பிவலை போடுங்கள். காற்று ஓட வேண்டும். அதேவேளை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்கிலிருந்து அடிக்கும் மழைச்சாரல் உள்ளே வரவும் கூடாது. வடக்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் உரப்பையைத் தைத்துச் சுருட்டுத் திரையாகக் கட்டுங்கள். மழைக்கு இறக்கலாம், வெயிலுக்குச் சுருட்டலாம். 2022 டிசம்பரில் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்தன. மாட்டையே கொல்லும் ஈரக் குளிர்காற்று குஞ்சை விட்டுவைக்காது.

கூரைக்குக் கிடுகு போல் குளிர்ச்சியானது வேறில்லை. மீள்குடியேற்றத்தின்போது கிடைத்த தகரம் வளவில் கிடந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் வெறும் தகரத்தின் கீழ் சித்திரை, வைகாசி வெயிலில் கோழி வாய் பிளந்து இளைக்கும். தகரத்துக்கு மேல் கிடுகு பரப்பிக் கட்டுங்கள். கூரை எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்கட்டும்.

இனி, கோழி நிற்கும் தடி. இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி நம் வன்னிக் காடுகளில் இரவில் மரக்கிளையில் ஏறித்தான் உறங்கும். வீட்டுக்கோழிக்கும் அந்தக் குணம் உண்டு. தடி இல்லாத கூட்டுக்குள் போக மறுத்து, மாமரத்தில் ஏறி மரநாய்க்கு இரையாகும். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்று கணக்கு. இரண்டு அங்குல அகலத்தில், மூலை மழுங்கிய நான்கு அடித் தடிகள் இரண்டை ஒரே உயரத்தில், ஓர் அடி இடைவெளியில் வைத்தால் பத்தும் சண்டையின்றி நிற்கும். முட்டையிட ஓர் அடி அகலமுள்ள பெட்டிகள் இரண்டை இருட்டான மூலையில் வையுங்கள். வைக்கோல் போட்ட பழைய கடகமும் போதும்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

காலும் தரையும் கூரையும் வளவிலிருந்தே வரலாம். கடையில் வாங்க வேண்டியவை மூன்று: கம்பிவலை, கதவுக் கொளுக்கி, ஆணி. இவற்றில் மட்டும் கை இறுக்கம் வேண்டாம். பெரிய கண்ணுள்ள கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். கீரியையும் பாம்பையும் வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலைதான் வேண்டும். வெங்கிணாந்தியும் நரியும் நாயும் வலையின் தளர்ந்த ஓரத்தைத்தான் தேடும். ஆகவே ஓரமெங்கும் சட்டம் வைத்து அறையுங்கள். கதவை முழுப் பக்கமாகத் திறக்கும்படி வைத்தால் கூட்டிக் கழுவ வசதி. கொளுக்கிக்கு மேல் ஒரு முளையும் செருகுங்கள். மரநாய் லேசான கொளுக்கியைத் தட்டித் திறந்துவிடும்.

பொழுதுபடும்போது எண்ணி அடையுங்கள். இந்தப் பழக்கத்துக்குச் சதமும் செலவில்லை.

அடையும் குஞ்சும்

ஒரு பேட்டுக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். கூடினால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாது. ஒரு கிழமைக்கு மேற்படாத முட்டையாகப் பாருங்கள். ஏழாம் நாள் இரவு ஒவ்வொரு முட்டையையும் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிவந்த நரம்புகள் சிலந்திக் கால்போல் விரிந்திருந்தால் கரு உண்டு. ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். இருபத்தோராம் நாள் குஞ்சு வரும்.

தை, மாசி மாதங்களில் குஞ்சு இறங்கும்படி அடை வையுங்கள். மழை ஓய்ந்திருக்கும்; காலபோக அறுவடையில் களத்தில் சிந்திய நெல்லும் பூச்சியும் கிடைக்கும். கார்த்திகைக் குஞ்சு மழையோடு போராட வேண்டியிருக்கும்.

முதல் ஒரு மாதம் குஞ்சைத் தாயோடு கரப்பின் கீழ் நிழலில் வையுங்கள். பருந்தும் காகமும் நெருங்காது. இரவில் கூட்டுத் தரையில் சாக்கு விரித்து, அதன் மேல் வைக்கோல் போட்டு அடையுங்கள்.

குஞ்சுக்கு இலவசச் சத்துணவு கரையான். பழைய பானை ஒன்றில் கிழிந்த சாக்குத்துண்டு, காய்ந்த சாணம், உக்கிய பனையோலை எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்திக் கொட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கரையான் நெளியும். தாய் "கொக் கொக்" என்று கூப்பிட முன்னரே குஞ்சுகள் பாய்ந்துவிடும்.

பெரிய கோழிக்கு மில்லில் கிடைக்கும் தவிடும் குருணலும், தேங்காய்ப்பூவும், முருங்கை இலையும் போதுமான துணை. மீன் கழிவை அவித்துக் கொடுக்கலாம். முட்டைக் கோது உறுதியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாயாறு, கொக்கிளாய்க் கரையில் கிடக்கும் சிப்பியை இடித்து ஒரு சிரட்டையில் வைத்தால், தேவையானதைக் கோழி தானே கொத்தும். பூஞ்சணம் பிடித்த கச்சானையும் புண்ணாக்கையும் மட்டும் தொட்டும் கொடுக்காதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கச்சான் புண்ணாக்கைத் தின்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரிய வந்தது அப்போதுதான்.

தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வைத்து இருவேளையும் மாற்றுங்கள். வெயில் காலத்தில் கோழி இருமடங்கு குடிக்கும்.

ஒரு கிழமையில் கூட்டை வெறுமையாக்கும் நோய்

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சிழுப்பு, பிறகு கழுத்துத் திருகல்: இது ராணிக்கெட். இந்திய மலைநகரான ராணிக்கெட்டின் பெயரால் நாம் சொல்லும் இதே நோயை, 1926இல் கண்டறிந்த ஆங்கில நகரின் பெயரால் நியூகாசில் நோய் என்றும் சொல்வார்கள். வந்தபின் மருந்தில்லை. வராமல் தடுக்கும் மருந்து உண்டு. குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு விடுவதில் தொடங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். உங்கள் பிரிவின் கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாட்கணக்கைக் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்து சிறு குப்பியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதுமான அளவில் வரும். குளிரில் வைத்திருக்க வேண்டும். கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பத்துக் கோழி உள்ள வீடு தனியே என்ன செய்யும்? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு நாளைக் குறித்து, பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒன்றாகப் போட்டால் செலவு பங்காகும். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாமல் உங்கள் கோழிக்கு மட்டும் போடுவது அரை வேலிதான்.

சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு கிழமை தனியே வைத்துப் பாருங்கள். செத்ததை வேலிக்கு அப்பால் எறியாமல் ஆழப் புதையுங்கள். மழைகாலத்தில் கோழி அம்மையை நுளம்பு பரப்பும்; சிரட்டையிலும் டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கொட்டி வைத்தால் கோழி அதில் புரண்டு பேனைத் தானே உதறும்.

உதவி செய்யும் நிறுவனங்களுக்கும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஐம்பது குஞ்சு கொடுப்பதைவிட, பத்துக் குஞ்சோடு ஒரு சுருள் கம்பிவலையும் ஒரு வருடத் தடுப்பு மருந்தும் கொடுங்கள். வருட முடிவில் எந்த வீட்டில் கோழி நிற்கிறது என்று போய்ப் பாருங்கள்.

வாசிக்கும் உங்களுக்கும் ஒரு சொல். குஞ்சு வாங்குவதைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். கூட்டுக்குக் கால் நடுவதை இந்தக் கிழமையே தொடங்குங்கள்.