தோஃபு கெடாமல் வைப்பது எப்படி?

சோயா மொச்சையிலிருந்து எடுத்த பாலைத் திரித்து, நீரைப் பிழிந்து கட்டியாக்கினால் கிடைப்பது தோஃபு. சீனாவிலும் ஜப்பானிலும் இது பல நூற்றாண்டுகளாக அன்றாட உணவு. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் புதியதன்று; அங்குள்ள 'மீ கோரெங்'கில் இதன் துண்டுகளைக் காணலாம். நம் நகரக் கடைகளில் 'சோயா பன்னீர்' என்ற பெயரில் விற்கிறார்கள். பார்ப்பதற்குச் சாதுவான இந்த வெள்ளைக் கட்டியை மீனைப் போலவே கவனமாகக் கையாள வேண்டும் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தைப் பார்ப்போம்.

நம் வீட்டு உணவுகளில் நாட்கணக்கில் தாங்குபவை எவை? தயிர் தாங்குகிறது, அதில் அமிலம் இருக்கிறது. ஊறுகாய் தாங்குகிறது, அதில் உப்பும் புளிப்பும் இருக்கின்றன. அப்பளமும் வற்றலும் தாங்குகின்றன. அவற்றில் நீர் இல்லை. அமிலம், உப்பு, உலர்ச்சி என்னும் இந்த மூன்று காவலர்களில் ஒருவர்கூடத் தோஃபுவுக்கு இல்லை. அதன் எடையில் பெரும்பகுதி நீர். மீதியில் நல்ல புரதம். பாக்டீரியாக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும் ஒரு பாக்டீரியா, தடையின்றிப் பெருகினால் 8 மணி நேரத்தில் ஒரு கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சோயாப் பாலைக் கொதிக்க வைத்துத்தானே தோஃபு செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அரைத்த மொச்சையைக் காய்ச்சும்போது பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன. பின்னர் ஜிப்சம் உப்பையோ, கடல்நீரில் சமையல் உப்பை எடுத்த பின் எஞ்சும் மக்னீசியம் குளோரைடையோ சேர்த்துத் திரிக்கிறார்கள். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிழியும் துணி, வெட்டும் கத்தி, எடுக்கும் கை, மிதக்கவிடும் நீர் ஆகிய எல்லாமே புதிய கிருமிகளுக்கு வாயில்கள்.

இவற்றுள் நீரே முக்கியமானது. 1981ஆம் ஆண்டின் இறுதியிலும் 1982ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பலர் வயிற்று நோயால் துன்புற்றனர். காரணம் 'எர்சீனியா' என்னும் பாக்டீரியா. அவர்கள் உண்ட தோஃபுவிலும், அதைத் தயாரித்த இடத்தில் பயன்படுத்திய, சுத்திகரிக்கப்படாத ஊற்று நீரிலும் அது காணப்பட்டது. இந்த எர்சீனியாவுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு: குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் அது மெல்ல மெல்லப் பெருகும்! ஆகவே குளிர் என்பது கிருமிகளைத் தாமதப்படுத்தும் கருவியே தவிர, கொல்லும் கருவி அன்று.

அப்படியானால் வாங்கும்போது எதைக் கவனிப்பது? திறந்த தொட்டியில், குளிரூட்டாத நீரில் மிதக்கும் தோஃபுவை விட, குளிரில் வைக்கப்பட்ட மூடிய உறையே மேல். உறை உப்பியிருந்தால் வேண்டாம். உள்ளே நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்கியிருக்கலாம். தேதியைப் பாருங்கள். நல்ல தோஃபுவில் இலேசான மொச்சை மணம்தான் வரும். புளித்த வாடை, கலங்கிய நீர், தொட்டால் வழுவழுப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆனால் மூக்கை முழுதும் நம்ப முடியாது. நோய் தரும் கிருமி எல்லாம் நாற்றம் தருவதில்லை. சில வகைத் தோஃபுவைக் கிருமி நீக்கிய காகிதப் பெட்டிகளில் அடைத்து, குளிர் இல்லாமலே விற்பார்கள். அவற்றையும் பிரித்துவிட்டால் சாதாரணத் தோஃபுதான்.

வீட்டுக்கு வந்ததும் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள். பெட்டியின் கதவில் வேண்டாம்; திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறும். பிரித்த தோஃபுவைக் காய்ச்சி ஆறவைத்த நீரில் மூழ்கவைத்து மூடி, நாள்தோறும் நீரை மாற்றி, மூன்று நான்கு நாட்களுக்குள் சமைத்துவிடுவது நல்லது. சிறு துண்டுகளாக்கி நடுப்பகுதி வரை நன்றாகச் சூடேற்றுங்கள்.

வீட்டிலேயே புளிக்கவைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். 2006இல் கலிபோர்னியாவில் ஒரு தம்பதியர் கடையில் வாங்கிய தோஃபுவை வேகவைத்து, மூடி, பல நாள் அறை வெப்பத்தில் வைத்து, பிறகு மசாலாவும் எண்ணெயும் சேர்த்துச் சாடியில் ஊறவைத்தனர். இருவரையும் 'பொட்டுலிசம்' என்னும் நரம்பைத் தாக்கும் நச்சு நோய் பிடித்தது. அந்த நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கக் கூடியவை. காற்றில்லாத இடத்தில்தான் அவை முளைக்கும்.

அதிக நாள் வைக்க வேண்டுமானால் உறையவிடலாம். அப்போது தோஃபு மஞ்சளிக்கும். அஞ்ச வேண்டாம், உருகியதும் பெரும்பாலும் வெண்மை திரும்பிவிடும். ஆனால் உள்ளிருந்த பனிக்கட்டி புரத வலையைத் தள்ளி விரித்திருப்பதால் பழைய வழவழப்பு திரும்பாது. கடற்பஞ்சைப் போன்ற கட்டியாகிவிடும். பிழிந்துவிட்டுக் குழம்பில் போட்டால் சாற்றை நன்றாக உறிஞ்சும். உருகவைப்பதையும் குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே செய்யுங்கள். உறைந்தபோது உறங்கிய கிருமிகள் சமையல் மேடை வெப்பத்தில் விழித்துக்கொள்ளும்.