வீட்டுக் கணினிக்குக் காவல் வேண்டுமா?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலாய நம் கரையோர ஊர்களிற் பல வீடுகளில் இன்று கணினி இடம்பெற்றுவிட்டது. மாணவரின் ஒப்படைகளும் ஆசிரியரின் வினாத்தாள்களும் குடும்பத்தாரின் புகைப்படங்களும் அதனுள்ளேயே வைப்பிலுள்ளன. இவற்றைக் காத்தற்பொருட்டு ஆண்டுதோறும் பணங் கொடுத்து நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளை வாங்குதல் வேண்டுமா, அன்றி அது வீண்செலவா என்னும் வினா பெற்றோரிடத்து அடிக்கடி எழுகின்றது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

வைரஸ் எனப் பொதுவழக்கில் வழங்கும் நச்சுநிரல் ஓர் உயிரியன்று. மனிதர் எழுதிய கட்டளைத் தொகுதியேயாம். தன்னைத் தானே படியெடுத்துப் பிறவற்றிலும் தொற்றும் இயல்பால் அப்பெயர் பெற்றது. ஐ.பி.எம். வகைத் தனியாள் கணினிகளைத் தொற்றிய முதல் நச்சுநிரலெனப்படும் ‘பிரெயின்’, 1986 இல் பாகிஸ்தானின் லாகூர் நகரிற் சகோதரர் இருவரால் எழுதப்பட்டு, நெகிழ்வட்டு வழியே பரவிற்று. 2000 மே மாதத்திற் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சல் வழியே உலகைச் சுற்றியது. நம் ஊர்களிலோ பென்ட்ரைவும் அதற்கு வாகனமாயிற்று. அச்சுப்படி எடுக்குங் கடையிற் செருகி மீண்ட பென்ட்ரைவிற் கோப்புறைகள் மறைந்து, அவற்றின் பெயரில் வெறுங் குறுக்குவழிகளே தோன்றுதலைக் கண்டவர் பலர். பெரும்பாலும் அக்கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. இஃதறியாது பென்ட்ரைவை முற்றாகத் துடைத்தோரே உண்மையில் இழப்படைந்தோராவர்.

இனி, எதிர்ப்பு மென்பொருள் தொழிற்படும் முறையை நோக்குவாம். அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளங்களைத் தொகுத்து வைத்து, வரும் கோப்புகளை அவற்றோடு ஒப்பிடுதல் ஒரு முறை. ஒரு நிரல் ஐயத்துக்கிடமாக நடப்பின், அந்நடத்தை கண்டு தடுத்தல் மற்றொரு முறை. முன்னையது புதிய பகையை அறியாது. பின்னையது சிலவேளை நல்ல நிரலையும் பகையென மயங்கும். அன்றியும், போலியான வங்கித் தளமொன்றில் ஒருவர் தாமே தம் கடவுச்சொல்லை எழுதிக் கொடுப்பாராயின், எம்மென்பொருளும் அவரை முற்றாகக் காத்தல் அரிது. கதவு வலிதாயினும் திறப்பை ஈந்தவனுக்குப் பயனென்ன?

வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 2017 மே 12 இல் ‘வொன்னாகிரை’ என்னும் பணயநிரல் நூற்றைம்பது வரையான நாடுகளிற் பரவிற்று. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்ற கணினிகளுள் அவ்வோட்டை வழியே அது நுழைய இயலவில்லை. நம் நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரசின் முகிற் கணிமை அமைப்பு பணயநிரலால் தாக்குண்டது. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்து அரச மின்னஞ்சல்கள் மீளாதொழிந்தன. அக்காலத்துக்குரிய படி வேறெங்கும் இல்லாமையே அதற்குக் காரணமாகும்.

ஆகவே விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் வீட்டுக்கு இன்றியமையாததன்று. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘டிபெண்டர்’ என்னும் காவல் அவ்வமைப்புடனேயே இலவசமாக வருகின்றது. சாதாரண வீட்டுப் பயனுக்கு அது போதியது. அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தல் பழைய கணினியின் வேகத்தைக் குறைத்தலுங் கூடும். ஆயினும், ‘காவலே வேண்டா’ என்று கொள்ளுதல் பெரும்பிழை. களவாகப் பூட்டுடைத்த மென்பொருளை நிறுவுதற்காக டிபெண்டரை நிறுத்திவைக்கும் வழக்கம் இளைஞரிடையே உண்டு. நச்சுநிரலுக்குத் தாமே வாயில் திறத்தலை இது ஒக்கும். அத்தகைய மென்பொருளுள்ளேயே அது பலகாலும் ஒளிந்து வருகின்றது. பழைய அமைப்பில் நிலைத்திருத்தலும் தீங்கே. விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றமையை நினைவிற் கொள்க.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையை அழித்தபோது காணி உறுதிகளும் சான்றிதழ்களும் படங்களும் நீரோடு போயின. வேறோரிடத்திற் படியிருந்த ஆவணமே மீண்டது. கணினிக்கும் நீதி அதுவே. அமைப்பை இற்றைப்படுத்துக, உடனுள்ள காவலை நிறுத்தாதிருக்க, அயலார் பென்ட்ரைவைச் சோதித்தபின் திறக்க, அரியனவற்றின் படியைக் கணினியோடு இணையாத பிறிதொரு வட்டில் வைக்க. இந்நான்கிற்கும் மேலதிகச் செலவென்பது ஒரு வட்டின் விலையே. ஆண்டுக்கட்டணத்துக்கு ஒதுக்கிய பணத்தை அவ்வட்டுக்குச் செலவிடுதலே அறிவுடைமையாம்.