ஏற்றமும் ஓய்வும்



போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். தியாகராய நகர் கடைகளிலிருந்து வடபழனிக்குத் துணி மூட்டை கொண்டுபோகும் அவருடைய மீன்பாடி வண்டியை அன்று நான் எடுத்தேன். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. இறங்கித் தள்ளினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே என்னைக் கரையேற்றினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா படுத்தபடியே கேட்டார்: "இன்னாடா, தினம் மயிலாப்பூர்லேருந்து அடையாறுக்கு சைக்கிள் மிதிக்கிறே, ஒரு பாலத்துக்கே நாக்கு தள்ளுதா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். படித்ததை வைத்தே பதில் தேடலாம் என்று இறங்கினேன்.

சென்னையில் மலை எங்கே?

நம் ஊர் தட்டையான ஊர். 1802 ஏப்ரலில் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயர், இந்தியாவையே அளந்த மாபெரும் நில அளவைக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்துதான் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் நேர்கோட்டுக்குச் சமதரை வேண்டுமே! அவருக்கு அது வசதி, நம் கால்களுக்கு நஷ்டம். சமதரையில் காற்றும் டயர் உராய்வும்தான் எதிரி. களைத்தால் மிதிப்பதை நிறுத்திக் கொஞ்சம் உருளலாம். ஏற்றத்தில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நிற்கும்.

ஆகவே சனிக்கிழமை விடியற்காலையில் பரங்கிமலை. மயிலாப்பூரிலிருந்து அடையாறு, கிண்டி வழியாகப் போய்வர சுமார் 25 கிலோமீட்டர். படிக்கட்டுப் பக்கம் அல்ல, வண்டிகள் ஏறும் சாலை. முதல் வாரம் மூன்று இடத்தில் இறங்கினேன்.

நம் பாடத்தில் ஒரு கணக்கு

நான் 55 கிலோ, பிளஸ் ஒன்னில் கிடைத்த இலவச சைக்கிள் 20 கிலோ. மொத்தம் 75. ஏற்றம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 75 × 9.8 × 60 = 44,100 ஜூல். ஐந்து நிமிடத்தில் ஏறினால் 147 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அதாவது நான் ஐந்தில் ஒரு குதிரை! உராய்வு தனி.

வேலையின் அளவை மாற்ற முடியாது, ஆனால் மிதியின் கனத்தை மாற்றலாம். என் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி 22 பல் ஃப்ரீவீல் மாட்டினேன், செயினில் லிங்க் சேர்க்க வேண்டி வந்தது. இப்போது ஒவ்வொரு மிதிக்கும் சுமார் 18 சதவீதம் குறைந்த விசை போதும், பதிலுக்கு அதிக சுற்று மிதிக்க வேண்டும். கனமாக, மெதுவாக மிதித்தால் முட்டிதான் அடி வாங்கும். சீட்டையும் உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும்.

உடம்பு எப்போது பலமாகிறது?

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். ஆர்வக் கோளாறில் இரண்டு வாரம் தினமும் மலை ஏறினேன். மூன்றாவது வாரம் கால் மரத்துப்போய், வகுப்பில் தூக்கம். ஏறும்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, சேமித்த சர்க்கரைச் சத்தும் தீர்ந்துபோகிறது. அதைச் சரிசெய்து, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி வைக்கும் வேலை ஓய்விலும் தூக்கத்திலும்தான் நடக்கிறது. மாதக்கணக்கில் இப்படிச் செய்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளும். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பாருங்கள். எனக்கு 78 இருந்தது நாலு மாதத்தில் 66 ஆனது. ஒரு நாள் திடீரென்று ஏறியிருந்தால் உடம்பு ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு என் முறை இதுதான்: வாரத்தில் ஒரு நாள் ஏற்றம். மற்ற நாள் காலேஜுக்குப் போகும் மிதி மட்டும். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாவது வாரம் பாதியாகக் குறைப்பேன். ஏறும்போது ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம். புறப்படும் முன் வாழைப்பழம், பையில் கடலை மிட்டாய், வந்ததும் உப்புப் போட்ட மோரும் பழைய சோறும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், விட்டு விட்டுப் பிடியுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மலைக்கே போகாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையின் ஏற்ற இறக்கங்கள். செமஸ்டர் லீவில் ஒரு நண்பனுடன் ஏலகிரி. புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சுமந்த 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு இடத்தில் தள்ளினேன், மறைக்கவில்லை. மற்றதெல்லாம் மிதித்தே ஏறினேன்.

இன்னொரு கணக்கு

திரும்பி வந்த இரவு அப்பாவின் கணக்கைப் போட்டேன். வண்டி, மூட்டை, அவர் எல்லாம் சேர்ந்து 300 கிலோ. என்னைப்போல் நான்கு மடங்கு. பாலம் ஆறு மீட்டர் என்று வைத்தாலும் நாளைக்குப் பத்து முறை ஏறினால் 60 மீட்டர். ஆக, அப்பா தினம் நாலு பரங்கிமலை ஏறுகிறார். இருபது வருஷமாக!

அப்படியானால் அவர் நம்மைவிட நாலு மடங்கு ஆரோக்கியமாக இருக்க வேண்டுமே? ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முட்டியைப் பிடித்துக்கொள்கிறார். காரணம் இப்போது எனக்குப் புரிகிறது. பாரம் இருந்தது, ஓய்வு இல்லை. தாழ்ந்த சீட்டு, கனமான மிதி, லீவே கிடையாது. பாரத்தோடு ஓய்வும் சேர்ந்தால் பயிற்சி, ஓய்வைக் கழித்தால் தேய்மானம். 'வார இறுதி' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அவர் சம்பாதித்து எனக்குக் கொடுத்தது.

முதல் வேலையாக அவர் வண்டியின் சீட்டை உயர்த்தினேன். இரண்டு நாள் திட்டினார், மூன்றாம் நாள் பேசாமல் ஓட்டினார். இப்போது சனிக்கிழமை எனக்கு மலை, ஞாயிற்றுக்கிழமை வண்டியும் என்னுடையது. பாரம் பாதிதான் ஏற்றுவேன். அப்பா வீட்டில் படுத்திருப்பார்.

போன ஞாயிறு கேட்டார்: "பாலத்துல எறங்குனியா?"

"இல்ல நைனா."

"சரி, சாப்ட்டுட்டுப் படு. நாளைக்கு காலேஜ் இருக்கு."

நண்பர்களே, ஏறுங்கள். ஏறியபின் தூங்குங்கள். உங்கள் வீட்டில் தூங்காமல் ஏறிக்கொண்டிருப்பவர் யார் என்றும் ஒரு தடவை பாருங்கள்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்