இரவில் நிறம் மாறும் வீதிப் பலகைகள்

பகலில் செக்கச் சிவந்து நிற்கும் எண்கோண நிறுத்தற் பலகையொன்று, இரவில் வாகனத்தின் முன்விளக்கு ஒளி பட்டதும் கறுப்பாகத் தோன்றுவதுண்டு. பலகை புதியது, ஒட்டப்பட்ட தாளும் தரமானது. அப்படியானால் குறை பெரும்பாலும் அச்சில்தான் இருக்கும். உள்ளூராட்சி சபைகளும் திணைக்களங்களும் இத்தகைய பலகைகளுக்கு விலைமனுக் கோரும்போது, தாளின் தரத்தை மாத்திரம் குறிப்பிட்டுவிட்டு அச்சு முறையை ஒப்பந்தகாரரின் விருப்பத்துக்கு விடுவது தவறு என்பதே எமது கருத்தாகும்.

ஒளி தெறிக்கும் தாள், முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்றதன்று. அதனுள் பதிக்கப்பட்டுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ அரியங்களோ, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே தாளின் மேல் பூசப்படும் மையை ஒளி இரு தடவைகள் கடக்க வேண்டியுள்ளது. ஏ.எஸ்.ரி.எம். டி 4956 என்ற அமெரிக்க நியமத்தின்படி முதலாம் வகை வெள்ளைத் தாளின் குறைந்தபட்சத் தெறிப்பளவு 70. அதே வகைச் சிவப்புத் தாளுக்கோ வெறும் 14. ஒளியூடுபுகவிடும் நிறமே இவ்வளவைக் குறைக்குமாயின், ஒளியைத் தடுக்கும் சாதாரண மை என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 580 அளவுடைய பதினோராம் வகைத் தாளை வாங்கி அதன்மீது அத்தகைய மையைப் பூசுவது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும். கறுப்பு மட்டும் விதிவிலக்கு. மஞ்சள் அல்லது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருளாகத் தெரிவதே முறை.

ஒரே குறியை நூற்றுக்கணக்கில் அச்சிடுவதற்கு, ஒளியூடுபுகவிடும் மையைக் கொண்ட ஸ்கிரீன் பிரிண்டிங் முறையே இன்றும் சிக்கனமானது. ஆனால் ஊர்ப்பெயர்ப் பலகை ஒவ்வொன்றும் வேறுபட்டது. ஒன்றுக்காக ஒரு திரை தயாரிப்பது கட்டுப்படியாகாது. அங்கே, வெள்ளைத் தாளின் மேல் ஒளியூடுபுகவிடும் நிறப்படலத்தை ஒட்டி, கணினி இயந்திரத்தால் எழுத்துகளை வெட்டியெடுக்கும் முறை பொருந்தும். டிஜிட்டல் அச்சும் பொருந்தும். ஆயினும் வெள்ளை மை அறவே கூடாது. நம் நாட்டு வெயிலில் மையின் நிறம் மங்காதிருக்க மேலே பாதுகாப்புப் படலமும் வேண்டும். தாள், மை, படலம் ஆகிய மூன்றும் தாள் உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்டவையாக இல்லாவிடின், அவர் தரும் உத்தரவாதம் செல்லுபடியாகாது போகலாம். மலிவு விலை கூறுவோர் இதைச் சொல்வதில்லை.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இன்னுமொரு சிக்கலுண்டு. பலகைகளில் காணப்படும் எழுத்துப் பிழைகளைப் பற்றி நாம் பலமுறை எழுதி அலுத்துவிட்டோம். இது பகலில் கண்ணுக்குத் தெரியாத பிழை. பிரகாசமான வெள்ளை எழுத்து இரவில் தடித்துத் தோன்றும். மும்மொழிப் பலகையில் தமிழ் வரியை ஒடுக்கமாக அமைத்தால் ற, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுப் போகும். புள்ளி எழுத்தோடு கலந்துவிடும். விடுபட்ட தமிழ் வரியைப் பின்னர் சாதாரண வெள்ளை ஸ்டிக்கரால் ஒட்டினாலோ, ஏனைய இரு மொழிகளும் ஒளிர, தமிழ் மட்டும் இருண்டு கிடக்கும். வவுனியாவிலிருந்து மன்னாருக்கோ, கல்முனையிலிருந்து அம்பாறைக்கோ நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் விரையும் சாரதிக்கு, 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதால் என்ன பயன்?

பரிசோதிப்பதற்கு ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை. இருட்டிய பின் பலகையிலிருந்து முப்பது அடியளவு பின்னால் நின்று, டோர்ச் லைற்றைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தால் போதும். இடுப்பளவில் பிடித்தால் ஒளி கைக்கே திரும்பும், கண்ணுக்கு எட்டாது. இச்சோதனையை, இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னர், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் அலுவலரைக் கொண்டே நடத்த வேண்டுமென்ற நிபந்தனையையும் விலைமனுவில் சேர்க்க வேண்டும்.