ஐசி தானாக நேராவது ஏன்?

மைசூருக்கு சர்க்யூட் போர்டு புதிதல்ல. 1988இல் தொடங்கிய மின்னணு நிறுவனம் கெய்ன்ஸ் டெக்னாலஜி இங்கேதான் இருக்கிறது. பக்கத்து நஞ்சன்கூட்டில் ஏடி அண்ட் எஸ் ஆலை போர்டுகளையே தயாரிக்கிறது. ஆலைகளில் நீண்ட சூளைக்குள் சால்டர் எனும் பற்று உலோகத்தை உருக்கிப் பாகங்களைப் போர்டில் ஒட்டும் வேலையைத்தான் வீட்டு மேசையில் ஹாட் ஏர் கருவி செய்கிறது.

சால்டரிங் அயர்ன் போதாதா? ஐசி சிப்பின் அடியில் ஒளிந்திருக்கும் இணைப்புகளை அயர்னின் முனை எட்டாது. சூடான காற்று எல்லா இணைப்பையும் ஒருசேர உருக்கும். ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாதது சுமார் 217இல். ஆனாலும் கருவியில் 350 வரை வைக்கிறோம். காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கைமாற்றும்; வந்ததையும் போர்டின் செம்பு இழுத்துக்கொள்ளும்.

உருகும் கணத்தை உற்றுப் பாருங்கள். மங்கலாக இருந்த சால்டர் பளிச்சென்று மின்னும். கோணலாக இருக்கும் ஐசியை இடுக்கியால் லேசாகத் தொட்டால், தானே நகர்ந்து சரியான இடத்தில் உட்காரும். உருகிய உலோகம் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. அந்தப் பரப்பு இழுவிசைதான் ஐசியை இழுக்கிறது. இதைவிட அழகான இயற்பியல் பாடம் எனக்குத் தெரியாது. ஃப்ளக்ஸ் இல்லாமல் இது நடக்காது. அது ஆக்சைடு படலத்தை அகற்றினால்தான் சால்டர் செம்பில் பரவும்.

அவசரம் மட்டும் கூடாது. செராமிக் கெபாசிட்டர் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த ஐசி ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சட்டென்று சூடேற்றினால் உள்ளே நீராவி உப்பிப் பிளக்கும். அதை முதலில் பல மணி நேரம் மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். பழகுவதற்குச் செத்துப்போன மோடம் போர்டு போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஃப்ளக்ஸ் புகை நுரையீரலுக்கு ஆகாது.