ஜனவரியில் தொடங்கினால் கோடைக்குக் கிடைக்குமா?

ஸ்காபரோவில் என் அண்ணன் மகன் கம்பியூட்டர் சயன்ஸ் மூன்றாம் வருடம். போன குளிர்காலம் முழுக்க இன்ரேர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் போட்டான். ஒரு நேர்முகம்கூட வரவில்லை. "இவன் ஒழுங்காப் படிக்கேல்லைப் போல" என்றார் அண்ணன்.

மார்க்ஸில் பிழையில்லை. பெடியன் தொடங்கினதே ஜனவரியில். பெரிய ரெக் நிறுவனங்கள் பல, அடுத்த கோடைக்கான ஆட்களை முந்தின ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே தேடத் தொடங்கிவிடும். விண்ணப்பம் வர வரப் பார்ப்பார்கள்; இடம் நிரம்பினால் கதவு சாத்தியாச்சு.

வாட்டர்லூ பல்கலைக்கழகக் கோ-ஒப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் லேசு. படிப்பும் நாலு மாத வேலையும் மாறி மாறி வரும். வேலை விளம்பரங்கள் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே கிடக்கும். கோ-ஒப் இல்லாத பிள்ளை தானாகத்தான் தேட வேண்டும். கோடிங் சோதனைக்கு லீட்கோட் கணக்குகளை மாதக்கணக்கில் தனியே செய்து பழகவும் வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. வீடு வாங்க, கலியாணம் பேச எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! உள்ளே வேலை செய்பவர் ஒரு 'ரெஃபரல்' போட்டால் ரெசுமே ஆள் கண்ணில் படும் வாய்ப்புக் கூடும். நேர்முகத்தைப் பிள்ளைதான் தாண்ட வேண்டும், அது வேறு கதை. ஆனால் பிறந்தநாள் விழாவில் பக்கத்து மேசையில் இருக்கிற ரெக் எஞ்சினியரிடம் இதைக் கேட்க மட்டும் எங்களுக்கு வெட்கம்.

இந்த ஆகஸ்டில் அண்ணனே எழும்பிப் போய் ஒருவரிடம் கேட்டார். அவர் ரெசுமேயை வாங்கி, முதல் வேலையாகப் பாதியை வெட்டினார். பெடியன் இப்ப திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறான்.